வால்வை மாற்றியாச்சு... இனி எல்லாம் சரியா? இதய வால்வு சிகிச்சையின் 'வெற்றி'யை எப்படி அளக்கிறார்கள்?

தமிழ்ப் படங்களில் இந்தக் காட்சியை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். ஆப்பரேஷன் தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு அணையும். டாக்டர் வெளியே வருவார். குடும்பமே எழுந்து நிற்கும். "ஆப்பரேஷன் சக்சஸ்!" அவ்வளவுதான், அடுத்த காட்சியில் பாட்டு வந்துவிடும்.

நிஜத்தில் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. சக்சஸ் என்றால் எது? நோயாளி மேசையிலிருந்து உயிரோடு எழுந்ததா? 30 நாள் தாண்டியதா? பத்து வருஷம் வாழ்ந்ததா? இல்லை, மூச்சு வாங்காமல் மேம்பாலம் ஏறி இறங்குவதா?

என் பெரியப்பாவுக்கு 68 வயது. போன ஆண்டு மார்ச்சில் அவருக்குப் பெருந்தமனி வால்வை மாற்றினார்கள். மூன்றாவது வாரம் நடந்த பரிசோதனையில் டாக்டருக்கு ரொம்பத் திருப்தி. எக்கோ முடிவு அருமை என்றார். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா சொன்னது வேறு: "என்ன அருமை? ராத்திரி தூங்கல, சாப்பாடு இறங்கல, பேசவே மாட்டேங்கறார்."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இருவரும் வெவ்வேறு பொருளை அளந்தார்கள், அவ்வளவுதான். இந்தத் துறையின் ஆய்வாளர்களும் 60 ஆண்டுகளுக்கு மேலாக இதே குழப்பத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை தேவைப்பட்டால், மருத்துவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில், வால்வு என்ன செய்கிறது?

இதயத்தில் நான்கு வால்வுகள். ஒவ்வொன்றும் ஒருவழிக் கதவு. ரத்தத்தை முன்னே போகவிடும், பின்னே திரும்பவிடாது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 100,000 முறை துடிக்கிறது. கதவும் அத்தனை முறை திறந்து மூடவேண்டும். வயதாகும்போது சுண்ணாம்பு படிந்து கதவு இறுகிப் போகலாம், அல்லது சரியாக மூடாமல் ஒழுகலாம். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலும் வால்வைப் பதம் பார்க்கும்.

மாற்று வால்வுகள் இரண்டு வகை. ஒன்று, உலோகமும் கரிமப் பொருளும் சேர்ந்த இயந்திர வால்வு. மிக நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதன்மேல் ரத்தம் உறையக்கூடும். அதனால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. (அமைதியான அறையில் அது 'டிக் டிக்' என்று கேட்கும் என்று வைத்துக்கொண்டவர்கள் சொல்வார்கள்.) மற்றொன்று திசு வால்வு. பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்வது. பெரும்பாலும் வாழ்நாள் வார்ஃபரின் தேவைப்படாது. ஆனால் 10, 15, 20 ஆண்டுகளில் தேய்ந்துபோகும். பன்றி, மாடு என்றதும் சில குடும்பங்களில் தயக்கம் வரும். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு பேசவேண்டிய விஷயமல்ல அது.

1960: இரண்டு நோயாளிகள், இரண்டு மரணங்கள்

அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரும், லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு வால்வை உருவாக்கினார்கள். சிறு கூண்டுக்குள் ஒரு பந்து. 1960 ஆகஸ்ட்டில் முதல் நோயாளிக்கு, ஓர் இளம் பெண்ணுக்கு, அதைப் பொருத்தினார்கள். சிகிச்சைக்குப் பிறகு கண் விழித்தார், பேசினார். சில மணி நேரத்தில் எக்ஸ்ரே எடுப்பதற்காகத் திருப்பிப் படுக்கவைத்தபோது, இதயத்துக்குள் தங்கியிருந்த காற்று மூளைக்குப் போய் இறந்துவிட்டார். வால்வில் ஒரு பழுதும் இல்லை.

அடுத்த மாதம் இரண்டாவது நோயாளி. 52 வயது ஆண். பத்தாண்டுக்கு மேல் நன்றாக வாழ்ந்தார். கடைசியில் வீட்டுக்குச் சாயம் பூசும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார்.

இப்போது நீங்கள்தான் ஆய்வாளர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் எப்படி எழுதுவீர்கள்? "இரண்டு பேருக்குப் பொருத்தினோம், இருவரும் இறந்துவிட்டார்கள்" என்றால் அது உண்மைதான், ஆனால் ஒன்றும் சொல்லாத உண்மை. "வால்வால் யாரும் சாகவில்லை" என்றால் அதுவும் உண்மைதான். ஆனால் முதல் பெண்ணின் குடும்பத்திடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா?

இதனால்தான் ஆய்வுகளில் இரண்டு கணக்கு இருக்கும். எந்தக் காரணமானாலும் சரி என்று எல்லா மரணங்களையும் எண்ணுவது ஒன்று. வால்வோடு தொடர்புடைய மரணங்களை மட்டும் எண்ணுவது மற்றொன்று. முதலாவதில் ஏமாற்ற வழி குறைவு. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. இரண்டாவதில், எது வால்வால் வந்தது என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்பிவிடாதீர்கள்.

ஒரே அளவுகோல் வேண்டாமா?

1980கள் வரை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் இஷ்டத்துக்குக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் சின்னப் பக்கவாதத்தையும் எண்ணுவார், இன்னொருவர் கை கால் விழுந்தால்தான் எண்ணுவார். அப்புறம் எந்த வால்வு நல்லது என்று எப்படி ஒப்பிடுவது? 1988இல் அமெரிக்க இதய அறுவை மருத்துவர் சங்கங்கள் கூடி, எதையெல்லாம் எண்ணவேண்டும், எப்படி எண்ணவேண்டும் என்று விதிமுறை வகுத்தன. 1996லும் 2008லும் அதைத் திருத்தினார்கள்.

அந்த விதிமுறை கேட்பவை: வால்வே தேய்ந்ததா, கிழிந்ததா? தைத்த இடத்தில் ஒழுகுகிறதா? வால்வில் ரத்தம் உறைந்ததா? உறைந்த கட்டி பிய்ந்து மூளைக்கோ கைகாலுக்கோ போனதா? பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டதா? வால்வில் கிருமித்தொற்று வந்ததா? மறுபடி அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்ததா?

கேட்க எளிதாக இருக்கிறது. எண்ணும்போதுதான் சிக்கல். உதாரணத்துக்கு அந்த '30 நாள்' கணக்கு. சிகிச்சை முடிந்து 30 நாளுக்குள் இறந்தால் அது அறுவை சிகிச்சை மரணம். 29ஆம் நாள் இறந்தால் எண்ணிக்கையில் வருவார். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு இழுபறியாக இருந்து 35ஆம் நாள் இறந்தவர்? சிகிச்சைக்காகச் சேர்ந்த அதே மருத்துவமனையில் இறந்தால் அவரையும் சேர்க்கவேண்டும் என்பது பல விதிமுறைகளின் நிலை. எல்லா அறிக்கையும் அப்படிச் சேர்க்கிறதா என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. சில நேரம் யாரும் வேண்டுமென்று செய்வதுகூட இல்லை. ஆரோக்கியமானவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, மோசமான நிலையில் இருப்பவர்களை "எங்களால் முடியாது" என்று திருப்பி அனுப்பினால் எந்த மருத்துவமனையின் மரண விகிதமும் அழகாகத் தெரியும். கடினமான நோயாளிகளை ஏற்றுக்கொள்ளும் நல்ல மருத்துவர் கணக்கில் கெட்டவராகிவிடுவார். அதைச் சரிக்கட்டத்தான் முன்கூட்டியே ஆபத்தைக் கணிக்கும் முறைகள் வந்தன. ஐரோப்பாவின் யூரோஸ்கோர் 1999இல் வந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் சங்கத்துக்கும் தனி மதிப்பெண் முறை இருக்கிறது. வயது, சிறுநீரகம், நுரையீரல், நீரிழிவு எல்லாவற்றையும் போட்டு, 'இவருக்கு இவ்வளவு ஆபத்து' என்று சொல்லும். உண்மையில் நடந்தது அந்தக் கணிப்பைவிட மேலா கீழா என்பதுதான் நியாயமான ஒப்பீடு.

50 பேர் 4 ஆண்டா, 200 பேர் ஓர் ஆண்டா?

மருத்துவ அறிக்கைகளில் '100 நோயாளி-ஆண்டுகளுக்கு இத்தனை' என்று வரும். பயப்படவேண்டாம், எளிமையான கணக்குதான்.

50 பேரை 4 ஆண்டு கவனித்தால் 200 நோயாளி-ஆண்டுகள். அதில் 4 பக்கவாதம் வந்தால், 100 நோயாளி-ஆண்டுகளுக்கு 2. ஆளாளுக்கு வெவ்வேறு காலம் கவனிக்கும்போது இது வசதியான முறை.

ஆனால் 200 பேரை ஓர் ஆண்டு மட்டும் கவனித்தாலும் அதே 200 நோயாளி-ஆண்டுகள்தான் வரும். 12ஆம் ஆண்டில் கிழியப்போகும் திசு வால்வு இந்த இரண்டாவது ஆய்வில் பளிச்சென்று பாஸாகிவிடும். ஏனென்றால் யாரும் 12ஆம் ஆண்டு வரை காத்திருக்கவே இல்லை. ரத்தக்கசிவு போல எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய ஆபத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். தேய்மானம் போல நாளாக ஆகக் கூடும் ஆபத்துக்குப் பொருந்தாது.

இதிலேயே இன்னொரு நுணுக்கம். 80 வயதில் திசு வால்வு வைத்தவருக்கு அது 15 ஆண்டில் கிழியலாம். ஆனால் அதற்குள் வேறு காரணத்தால் அவர் இறந்துவிட்டால்? வால்வு கிழியும் வாய்ப்பை மட்டும் தனியே கணக்கிட்டால், யாருமே சாகாத ஓர் உலகத்துக்கான எண் கிடைக்கும். நிஜத்தில் அவருக்கு மறுபடி சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு அதைவிடக் குறைவு. 80 வயதுத் தாத்தாவுக்கு மருத்துவர் திசு வால்வைத் தயங்காமல் பரிந்துரைப்பதும், 45 வயது மாமாவுக்கு யோசிப்பதும் இதனால்தான். இளையவர்களின் உடலில் திசு வால்வு சீக்கிரம் தேய்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

86,000 பேரின் நெஞ்சில்...

சராசரி எண்ணை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1979இல் பியோர்க்-ஷைலி வரிசையில் புதுவகைச் சாய்தட்டு வால்வு ஒன்று வந்தது. பழைய வடிவத்தைவிட ரத்த ஓட்டம் மேல், ரத்தம் உறைவது குறைவு என்று எதிர்பார்த்தார்கள். உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தினார்கள்.

தட்டைப் பிடித்து நிற்கும் சிறு கம்பி சிலருக்கு முறிந்தது. முறிந்தால் தட்டு கழன்று ரத்தக் குழாய்க்குள் போய்விடும். 600க்கும் மேற்பட்ட முறிவுகள் பதிவாயின. அப்படி முறிந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தனர். 1986இல் வால்வு சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

86,000இல் 600 என்றால் ஒரு விழுக்காடுகூட இல்லை. சராசரியில் அது தெரியவே தெரியாது. ஆனால் அந்த வால்வோடு வாழ்ந்த ஒவ்வொருவருக்கும் கேள்வி: இதை எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா? எடுப்பதற்கும் நெஞ்சைத் திறக்கவேண்டும், அதிலும் ஆபத்து. யாருக்கு எந்த அளவு வால்வு, எந்த ஆண்டு செய்தது என்ற பதிவு இருந்தவர்களுக்கு மட்டும் ஓரளவு தெளிவான பதில் கிடைத்தது. பெரிய அளவு வால்வுகளில்தான் முறிவு அதிகம் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

சிகிச்சைக்குப் பிறகு வால்வின் பெயர், அளவு, வரிசை எண் எழுதிய சிறு அட்டை ஒன்று தருவார்கள். அதைப் படம் பிடித்து உங்கள் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் அட்டை சாமி அறையில் விபூதி டப்பாவுக்கு அடியில் இருந்தது!

இயந்திரமா, திசுவா? பதில் வர 15 ஆண்டு ஆனது

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1977க்கும் 1982க்கும் இடையே 575 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு இயந்திர வால்வும் பாதிப் பேருக்குத் திசு வால்வும் வைத்தார்கள். (படைவீரர் மருத்துவமனை என்பதால் பெண்களே இல்லை. அதையும் நினைவில் வையுங்கள்.) 11 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, உயிர் வாழ்வதில் பெரிய வித்தியாசமில்லை. 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பெருந்தமனி வால்வு மாற்றியவர்களில் இயந்திர வால்வுக்காரர்களில் 66 விழுக்காட்டினரும் திசு வால்வுக்காரர்களில் 79 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். ரத்தக்கசிவு இயந்திர வால்வில் அதிகம்.

சரி, அப்போ இயந்திரம்தானே? அங்கேதான் சிக்கல். அந்த முடிவு 2000இல் வெளியானபோது அதில் பயன்படுத்திய வால்வுகள் பழைய மாடலாகிவிட்டன. போன் மாதிரிதான்: பத்து வருஷம் உழைக்குமா என்று சோதித்து முடிப்பதற்குள் கடையில் அந்த மாடலே இருக்காது. நீண்டகால முடிவு வேண்டுமென்றால் பழைய வால்வைப் பற்றித்தான் தெரியும். புது வால்வு வேண்டுமென்றால் குறுகியகால முடிவுதான் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

2017இல் கலிஃபோர்னியா மருத்துவமனைகளின் தரவை அலசிய ஆய்வு ஒன்று வந்தது. இயந்திர வால்வால் ஆயுள் கூடும் நன்மை, பெருந்தமனி வால்வில் சுமார் 55 வயது வரையும் ஈரிதழ் வால்வில் சுமார் 70 வயது வரையும் தெரிந்தது. இதில் குலுக்கல் கிடையாது, மருத்துவர்கள் தேர்ந்தெடுத்ததன் பதிவு. அதனால் ஓர் உப்புக்கல் குறைத்தே எடைபோடவேண்டும்.

ஆயுள் மட்டும் போதுமா? வார்ஃபரினோடு வாழ்வது ஒரு வாழ்க்கைமுறை. ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அளவு சாதாரணமாக 1. பெருந்தமனியில் இயந்திர வால்வு இருந்தால் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் வைக்கவேண்டும். ஈரிதழ் வால்வு என்றால் இன்னும் கொஞ்சம் மேலே. குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். கங்கோங், பசலை, கைலான் போன்ற கீரைகளில் வைட்டமின் கே அதிகம். கீரையே சாப்பிடக்கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், அது சரியல்ல. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். மருந்துக்கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரை, சீன மருந்து, நாட்டு மருந்து எல்லாவற்றையும் முதலில் கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும். முட்டிவலிக்குத் தேய்க்கும் தைலம்கூட! அதில் உள்ள மெத்தில் சாலிசிலேட் தோல் வழியே போய் ஐஎன்ஆரை ஏற்றிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

"புதுசா வந்த ரத்த மெலிவு மாத்திரை இருக்கே, டெஸ்ட்டே வேண்டாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அதையும் சோதித்தார்கள். டாபிகட்ரான் மருந்தை 252 இயந்திர வால்வு நோயாளிகளிடம் வார்ஃபரினோடு ஒப்பிட்டார்கள். ஆய்வை முன்னதாகவே நிறுத்தவேண்டியதாயிற்று. 2013இல் வெளியான முடிவுப்படி, புது மருந்து எடுத்தவர்களில் 5 விழுக்காட்டினருக்குப் பக்கவாதம். வார்ஃபரின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. வசதியான மருந்து என்பது ஒரு விளைவு, பாதுகாப்பான மருந்து என்பது வேறு விளைவு.

நெஞ்சைத் திறக்காமல்: டாவியும் தலைப்புச் செய்தியும்

2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே என்ற மருத்துவர், ரத்தக் குழாய் வழியே மடக்கிய வால்வை அனுப்பி இதயத்தில் விரித்துவைத்தார். இதுதான் டாவி முறை. சிங்கப்பூர் தேசிய இருதய நிலையத்தில் 2009லேயே தொடங்கிவிட்டார்கள்.

முதலில் இதை, அறுவை சிகிச்சையே தாங்கமுடியாத நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2010இல் வந்த பார்ட்னர் ஆய்வு முடிவு யாரும் மறுக்கமுடியாதது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 50.7 விழுக்காட்டினர் இறந்தார்கள். டாவி செய்தவர்களில் 30.7 விழுக்காட்டினர். ஐந்து பேருக்குச் செய்தால் ஓராண்டில் ஓர் உயிர் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டது என்று அர்த்தம்.

பிறகு ஆபத்து குறைந்த நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1,000 பேர், சராசரி வயது 73. 2019இல் முடிவு: ஓராண்டில் டாவி 8.5 விழுக்காடு, அறுவை சிகிச்சை 15.1 விழுக்காடு. 'ஆபத்து கிட்டத்தட்டப் பாதி!' என்று தலைப்புப் போட எங்களைப் போன்ற செய்தியாளர்களுக்குக் கை பரபரக்கும்.

ஆனால் எதில் 8.5? மரணம், பக்கவாதம், மறுபடி மருத்துவமனையில் சேர்வது ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது அந்த எண். மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் மரணமும் ஒரே எடையா? மூட்டையில் எது நிறைய இருக்கிறது என்று அவிழ்த்துத்தான் பார்க்கவேண்டும்.

ஐந்தாண்டு முடிவு 2023இல் வந்தது. மூட்டைக் கணக்கில் டாவி 22.8, அறுவை சிகிச்சை 27.2. இடைவெளி குறைந்துவிட்டது, புள்ளியியல்படி இது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற நிலை. மரணம் மட்டும் பார்த்தால் டாவியில் 10.0, அறுவை சிகிச்சையில் 8.2. இதிலும் உறுதியாக எதுவும் சொல்லமுடியாது.

டாவி மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. நோயாளி சீக்கிரம் வீடு திரும்புகிறார், நெஞ்செலும்பு ஆற வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டாம். 80 வயதானவருக்கு அந்த முதல் ஆண்டே பெரிய விஷயம். ஆனால் 65 வயதில், இன்னும் 20 ஆண்டு வாழ நினைப்பவருக்கு ஐந்தாண்டு முடிவு பாதிக் கதைதான். வால்வைச் சுற்றிச் சிறிய ஒழுகல், பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு, முதல் வால்வு தேய்ந்தபிறகு இரண்டாவதை எப்படி வைப்பது... இவையெல்லாம் அவருடைய கணக்கில் வரவேண்டும்.

எக்கோ சொல்வதும் நோயாளி சொல்வதும்

பெரியப்பாவின் டாக்டர் பார்த்த 'அருமை' என்ன? கடுமையான அடைப்பில் வால்வின் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம் சராசரியாக 40 மில்லிமீட்டர் பாதரசமோ அதற்கு மேலோ இருக்கும். வால்வை மாற்றியதும் அது 10, 15 என்று இறங்கிவிடும். இதயத்துக்குப் பெரிய சுமை குறைந்தது உண்மை. இந்த முதல் எக்கோ ரொம்ப முக்கியம். சிகிச்சைக்குப் பிந்தைய சில வாரங்களில் எடுக்கும் இந்த அளவோடுதான் பின்னாளில் எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள்.

ஆனால் எக்கோவுக்குப் பெரியம்மாவைத் தெரியாது. பெரிய இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு மனம் சோர்வது, தூக்கம் கெடுவது, பசி எடுக்காமல் போவது சாதாரணம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். சரியாகவில்லையென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். நம் வீடுகளில் "ஆப்பரேஷன் பண்ணினவர் அப்படித்தான் இருப்பார்" என்று விட்டுவிடுகிறோம்.

நோயாளி பக்கத்தையும் அளக்க முறைகள் உண்டு. நியூயார்க் இதயச் சங்கம் 1928இல் கொண்டுவந்த நான்கு நிலைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன: எந்தச் சிரமமும் இல்லை என்பது முதல் நிலை, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நான்காவது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். கேன்சஸ் சிட்டி கேள்வித்தாள் என்று ஒன்று, நோயாளியிடமே கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும். குளிக்க முடிகிறதா, படியேற முடிகிறதா, நண்பர்களைப் பார்க்கப் போகிறாரா என்றெல்லாம் கேட்கும். 5 புள்ளி மாறினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது பொதுவான கணிப்பு.

இதிலும் ஒரு நெளிவு. "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால் நம்மாட்கள் பலரின் பதில்: "நல்லாயிருக்கேன் டாக்டர்." வலி இருந்தாலும் அதுதான். பெரியப்பா கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் 'சிரமமில்லை' என்று குறித்திருந்தார். லிஃப்ட் பழுதான அன்று நான்கு மாடி ஏற அரை மணி நேரம் ஆனதைப் பெரியம்மாதான் சொன்னார். பரிசோதனைக்குப் போகும்போது கூட ஒருவர் போவது நல்லது என்று நான் சொல்வது அதனால்தான்.

கணக்கில் வராதவர்கள்

இதுவரை சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளின் வயதானவர்களைப் பற்றியவை. இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் நிறைய. பலர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். இறக்குமதி வால்வு விலை கட்டுப்படியாகாமல்தான் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையிலான குழு சொந்தமாக ஓர் இயந்திர வால்வை உருவாக்கியது. முதல் மூன்று வடிவங்கள் சோதனையிலேயே தோற்றன, நான்காவது தேறியது. 1990 டிசம்பரில் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே நிறுவனம் தயாரித்த அந்தச் சித்ரா வால்வு இதுவரை ஒரு லட்சம் பேருக்கும் மேல் போயிருக்கிறது.

ஆனால் வால்வு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. கிராமத்திலிருந்து ஐஎன்ஆர் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறவேண்டுமென்றால், சிகிச்சையின் விளைவை வால்வு மட்டுமா தீர்மானிக்கிறது? இளம் பெண் என்றால் இன்னொரு கவலை: வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது, நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறையும். குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கு எது நல்ல விளைவு என்பதை அவரிடம் கேட்காமல் எந்த அட்டவணையும் சொல்லாது.

இன்னொன்று. பரிசோதனைக்குத் திரும்பி வராதவர்களை ஆய்வில் 'தொடர்பு விட்டவர்கள்' என்று எழுதுவார்கள். அவர்கள் நலமாக இருப்பதால் வராமல் போயிருக்கலாம். இறந்துபோனதாலும் வராமல் போயிருக்கலாம். நூறில் இருபது பேர் காணாமல் போன ஆய்வில் 95 விழுக்காடு வெற்றி என்று எழுதினால், அந்த இருபது பேர் எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

உங்கள் வீட்டில் இந்த முடிவு எடுக்கவேண்டி வந்தால், "எது பெஸ்ட் டாக்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அப்பா அம்மாவின் வயதுக்காரர்களுக்கு, அவர்களுடைய மற்ற நோய்களோடு, இந்த வால்வு எத்தனை ஆண்டு வரை கவனிக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். தேய்ந்தால் அடுத்து என்ன வழி என்று கேளுங்கள். 'வெற்றி விகிதம்' என்று ஓர் எண் சொன்னால், எதில் வெற்றி, எத்தனை நாளுக்குள் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ளமாட்டார். பல் மருத்துவரிடம் போகும்போது செயற்கை வால்வு இருப்பதை முதலிலேயே சொல்லவேண்டும். சில பல் சிகிச்சைகளுக்கு முன் கிருமி எதிர்ப்பு மருந்து தேவைப்படும். காரணம் தெரியாத காய்ச்சல் நாள்கணக்கில் இருந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடக்கூடாது. வால்வில் தொற்றாக இருக்கலாம்.

நோயாளியிடமும் ஒன்று கேளுங்கள்: குணமானால் என்ன செய்ய ஆசை? பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை, நானும்தான். தைப்பூசத்தன்று தம்பி காவடிக்குத் துணையாகப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்கவேண்டும் என்பது அவர் ஆசை. மூச்சு வாங்கியதால் மூன்று ஆண்டாக அவர் போகவில்லை.

இந்தத் தைப்பூசத்தில் போனார். இரண்டு இடத்தில் உட்கார்ந்தார், தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்தார், மறுபடி நடந்தார். கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு டாக்சி. அடுத்த எக்கோ மார்ச்சில். இந்தத் தடவை கேட்கவேண்டிய கேள்விகளைப் பெரியம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.